பாய்மரத் தெருவில் உதிர்ந்த சொற்கள்

தூத்துக்குடியில், கடலை நோக்கி நேராக ஓடிவந்து, கடல் கண்ணில் படுவதற்குச் சற்று முன்னால் ஒரு குருசடியின், தெருமுனைச் சிலுவைக் கோயிலின், காலடியில் நின்றுவிடும் பாய்மரத் தெருவில், வைஃபை அறுகிறபோது காணாமல்போகும் பேச்சு உண்மையில் எங்கேயும் போய்விடுவதில்லை, வீட்டுக்குள்ளேயேதான் விழுந்து கிடக்கிறது என்று முதலில் கண்டவள் தெக்லா கல்தேரா. அதையும் அவள் தேடிக் கண்டுபிடிக்கவில்லை, பெருக்கும்போது விளக்குமாற்றோடு வந்தது.

ஃபிரிட்ஜுக்கு அடியிலிருந்து வந்தது. புளியங்கொட்டை அளவில், மழைக்கு முந்தைய வானத்தின் நிறத்தில், ஒரு முறம் நிறைய. முறத்தைத் தூக்கியபோது அது முணுமுணுத்தது, பூசை தொடங்குவதற்கு முன்னால் கோயிலில் ஜனங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதுபோல. தெக்லா ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். கோழிக்கு அடியிலிருந்து அப்போதுதான் எடுத்த முட்டைபோல வெதுவெதுவென்று இருந்தது. காதருகே கொண்டுபோனாள். "பழம்" என்றது அது, மொன்றியாலிலிருந்து அவளிடம் தமிழ் படிக்கும் ஆரணி என்ற சிறுமியின் குரலில், ழகரத்துக்கு நாக்கை அத்தனை அழகாகச் சுருட்டிக்கொண்டு. சொல்லி முடித்ததும் கற்பூரம் காற்றில் கரைவதுபோலக் கரைந்துபோயிற்று. கையில் ஒரு ஈரம்கூட இல்லை.

தெக்லாவுக்கு வந்தது ஆச்சரியம் அல்ல, எரிச்சல். ஃபிரிட்ஜை நகர்த்திப் பெருக்கி எத்தனை காலமாயிற்று என்று தன்மேல் ஓர் எரிச்சல், அந்தப் பிள்ளை ஒழுங்காகச் சொன்னதை "பம்" என்று கேட்டுவிட்டு, "எங்கம்மா உன் ழ? எங்க விட்ட அதை?" என்று திரும்பத் திரும்பச் சொல்லவைத்து அழவிட்டதற்கு இன்னோர் எரிச்சல். ழ இங்கே, ஃபிரிட்ஜுக்கு அடியில், செத்த பல்லியின் பக்கத்தில் அல்லவா கிடந்திருக்கிறது.

தெக்லாவுக்கு நாற்பது வயது கடந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியையாக இருந்தவள், அம்மா இறந்தபின் வேலையை விட்டுவிட்டு, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற அப்பா தோமையைப் பார்த்துக்கொண்டு, நடு அறையில் கம்ப்யூட்டரைத் திறந்துவைத்து வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்துவந்தாள். வீடு பவளப்பாறைக் கல்லையும் சுண்ணாம்பையும் வைத்துக் கட்டிய பழைய வீடு; சுவர் ஒவ்வொன்றும் ஒரு ஆள் குறுக்கே படுக்கலாம் போலத் தடிமன். முன் கூடத்தில் வைஃபை பெட்டியை வைத்த அன்றைக்கே, சுவரின் உயரத்தில் திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் அது பச்சையும் சிவப்புமாகக் கண்ணடித்துக்கொண்டு நிற்பது மரியாதை இல்லை என்று தோமை தீர்ப்புச் சொல்லி, அதை இறக்கி, ஆளுயரக் கண்ணாடி பதித்த இரும்பு பீரோவுக்குப் பின்னால், தரையில் வைத்துவிட்டார். அன்றிலிருந்து இழவுதான். தெக்லா பெட்டியை அணைத்துப் போட்டுப் பார்த்தாள், அதன் கொம்புகளை நிமிர்த்திப் பார்த்தாள், சாய்த்துப் பார்த்தாள், கம்ப்யூட்டரை இட்லிக்கொப்பரையின் மேல் ஏற்றிப் பார்த்தாள், கடைசியில் புனித அந்தோணியாரிடம் ஒரு மெழுகுவத்திக்கு நேர்ந்தும் பார்த்தாள். திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் செய்தி தெருவின் மறுகோடிவரை போய்விட்டது. எல்லோரும் அவரவர் வீட்டுக் கட்டிலையும் பீரோவையும் நகர்த்தினார்கள். இருந்தது. எல்லா வீட்டிலும் இருந்தது. அரிசி டப்பாவுக்குப் பின்னால், தையல் மெஷினின் காலடியில், மாடிப்படித் திருப்பத்தில், குளியலறைக் கதவிடுக்கில், ஆணி அடித்த ஓட்டைகளில்கூட ஒன்றிரண்டு செருகிக்கொண்டு நின்றன. குவைத்தில் இருக்கும் மகனிடம் பேசும்போதெல்லாம் விட்டுப்போன பாதிகளை ஒருத்தி மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடைசியாக மிஞ்சிய ஒன்றை மட்டும் கேட்காமல் கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடி அலமாரியில் வைத்தாள். என்னவென்று தெரியாவிட்டாலும் அவன் சொன்னது, இருக்கட்டும் என்றாள். கல்லூரிப் பிள்ளைகள் போன பருவத்தில் விட்டுப்போன இயற்பியல் பாடத்தைக் கட்டிலுக்கு அடியிலிருந்து அள்ளிக் கேட்டு, அரியர் எழுதப் போனார்கள்.

டெரன்ஸ் வீட்டில்தான் மூட்டைகணக்கில் கிடைத்தது. அவன் பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன், நாள் முழுக்கக் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு திரிகிறவன். அத்தனையையும் முற்றத்தில் கொட்டி ஆசையாகக் கேட்டுப் பார்த்தால், பத்தில் ஒன்பது, "ஹலோ", "கேக்குதா?", "இப்ப கேக்குதா?" என்பதாகவே இருந்தன. இத்தனை வருஷமாக என்ன வேலை பார்த்தோம் என்று டெரன்ஸ் கொஞ்சநேரம் கன்னத்தில் கைவைத்து யோசித்தான். கேட்டுச் சலித்து அவன் விட்டுவைத்த மிச்சத்தை மேய்ந்த ஆடு ஒன்று அன்றிலிருந்து விடியற்காலையில் குருசடி வாசலில் நின்று "ஹலோ, ஹலோ" என்று கத்தியது. அந்தச் சத்தத்துக்கு எழுந்து வலை எடுக்கப் போகிறவர்கள், அலாரம் வைக்கிற தொல்லை விட்டது என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

குப்பை வண்டி தள்ளிவரும் பேச்சியம்மாள் முதல் நாள் மட்டும் வண்டியை நிறுத்தி யோசித்தாள். "இது மக்குற குப்பையா, மக்காத குப்பையா?" என்று கேட்டாள். மறுநாள் அவள் மஞ்சள் வாளி ஒன்றைக் கூடுதலாகக் கொண்டுவந்தாள். "இது பேசுற குப்பைக்கு. கலந்து போட்டீங்கன்னா எடுக்க மாட்டேன்" என்றாள். அத்தோடு அந்த விவகாரம் முடிந்தது.

ஆனால் வைஃபை பெட்டிகள் எல்லாம் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் அந்த நெருக்கமான தெருவில் ஒரு வீட்டுச் சொல் இன்னொரு வீட்டிலும் போய் விழுந்தது. இதில் ஒரு விஷயத்தைச் சீக்கிரமே எல்லோரும் தெரிந்துகொண்டார்கள்: சொன்னவர் கையிலும், யாருக்குச் சொன்னதோ அவர் கையிலும்தான் அந்தச் சொல் வெதுவெதுக்கும், மற்றவர் கையில் ஐஸ் பெட்டியில் வைத்த மீன்போலச் சில்லிடும். சில்லிட்டாலும் பேசும். அதுதான் சங்கடம். தெக்லா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக் கொன்சி மாமி தன் அடுப்படியில் கிடந்த ஒரு சில்லென்ற சொல்லை, ஒன்றே ஒன்றுதானே என்று காதில் வைத்துவிட்டாள். அது எதிர்வீட்டுப் பெனடிக்டாவின் குரலில் "கொன்சி" என்றது. அவ்வளவுதான். அதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன, ஒன்றும் இல்லை. மாமிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. தன்னைப் பற்றி அவள் என்னவெல்லாம் சொல்லியிருக்கக்கூடும் என்று கற்பனை செய்து செய்து, அந்தக் கற்பனைக்கெல்லாம் பதிலடியும் தயார்செய்து, அடக்கமாட்டாமல் ஒருநாள் நடுத்தெருவில் பெனடிக்டாவை மறித்தாள்.

"என் பேரை எதுக்குட்டி எடுத்த?"

பெனடிக்டா முழித்தாள். பிறகு நெற்றியில் தட்டிக்கொண்டாள். "மெட்ராஸ்ல எங்க அக்காட்ட சொன்னேன். நானும் எத்தனையோ விதமா வச்சுப் பாக்கேன், கொன்சி வைக்கிற பாரைமீன் குழம்பு மாதிரி வரமாட்டேங்குதுன்னேன். அவளுக்குக் கேக்கவே இல்ல. நீயாவது கேட்டியே."

அன்று பகல் பெனடிக்டா வீட்டுக்கு ஒரு சட்டி குழம்பு போயிற்று. ஞாயிற்றுக்கிழமை பங்குச்சாமியார் பிரசங்கத்தில், கீழே கிடக்கும் அடுத்தவர் பையைத் திறந்து பார்ப்போமா, அதுபோலத்தான் இதுவும் என்று சொல்லி, சில்லிடுகிற சொற்களைப் போடுவதற்குக் குருசடியில் ஒரு மரப்பெட்டி வைக்கச் செய்தார். ஜனங்கள் சாயங்காலம் விளக்கேற்ற வரும்போது பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவுவார்கள். எது வெதுவெதுக்கிறதோ அதை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு போவார்கள். கொன்சி மாமியின் அவஸ்தையைப் பார்த்தபிறகு யாரும் அடுத்தவர் சொல்லைக் காதில் வைக்கவில்லை. பாதிப் பேச்சைக் கேட்டுவிட்டுப் படுகிற பாட்டுக்குக் கேட்காமல் இருப்பதே சுகம் என்று தெருவே முடிவுகட்டியிருந்தது.

இப்படி ஊரே தன் தன் சொற்களைப் பொறுக்கிச் சந்தோஷமாக இருந்த நாட்களில், தெக்லா மட்டும் பெருக்கியதை எல்லாம் கேட்காமலே மஞ்சள் வாளியில் கொட்டிக்கொண்டிருந்தாள். பாட நேரத்தில் விழுந்த பிள்ளைகளின் சொற்களை மட்டும் எடுத்துவைத்தாள். மற்றவற்றில் அவளுக்கு மனசில்லை.

காரணம் கஸ்பார் வாஸ். கொன்சி மாமியின் அக்கா மகன், வேம்பாரில் பிறந்தவன், சரக்குக் கப்பலில் சமையல்காரன், தெக்லாவைவிட மூன்று நான்கு வயது மூத்தவன். மாமிதான் இருவரையும் பேசவைத்தாள். அவனுடைய செல்போன் ஒரு நாள் கொதிக்கிற சாம்பாருக்குள் விழுந்து வெந்துவிட்டதால், கப்பல் கரையைத் தொடும்போது மாலுமிகளின் சாப்பாட்டு அறையில் இருக்கும் பொதுக் கம்ப்யூட்டரிலிருந்துதான் பேசுவான். முதலில் வாரக் கணக்கில் சமையலைப் பற்றியே பேசினார்கள். பிறகு அவன் செத்துப்போன தன் அம்மாவைப் பற்றிப் பேசினான், அவள் தன் அம்மாவைப் பற்றிப் பேசினாள். பிறகு பேசுவதற்கு ஒன்றும் இல்லாதபோதும் பேசினார்கள். கடைசியாகப் பேசிய அன்று அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்.

"டர்பன்ல கம்பெனி ஆள் கப்பலுக்கு வருவாரு. இன்னொரு ஒன்பது மாசத்துக்குக் கையெழுத்துக் கேப்பாரு. நான் போடவா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும். உங்க வீட்டுலயே, அப்பாகூடவே இருக்க எனக்குச் சம்மதம். நான் ஊருக்கு வந்ததும் கோயில்ல நம்ம ஓலை வாசிக்கச் சொல்லலாமா?"

ஓலை வாசிப்பது என்றால் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று பூசையில் மூன்று ஞாயிறு அறிவிப்பது. தெக்லா தலையைக் குனிந்துகொண்டு, இரண்டே சொல்லில் பதில் சொன்னாள். நிமிர்ந்தபோது திரையில் அவன் முகம் வாய் பாதி திறந்தபடி நின்றுபோயிருந்தது, வட்டம் சுற்றியது, அறுந்துவிட்டது. மறுபடி கூப்பிடுவான் என்று பார்த்தாள். கூப்பிடவில்லை. கப்பல் கொழும்பில் நின்றதென்று மாமி சொன்னாள். அங்கிருந்தும் கூப்பிடவில்லை. அவள் சம்மதம் சொன்னதைக் கேட்டபின்தான் அவனுக்குப் பின்வாங்குகிற யோசனை வந்திருக்கிறது என்று தெக்லா நினைத்துக்கொண்டாள். வாயைத் திறந்து சொல்லிவிட்டோமே என்ற வெட்கம் அவளைத் தின்றது. அதை யாரிடமும் சொல்லாமல், பிள்ளைகளிடம் வழக்கத்தைவிட அதிகமாகச் சிரித்துக்கொண்டு திரிந்தாள்.

நடு அறைக்கும் முன் கூடத்துக்கும் இடையிலுள்ள நிலைப்படி ஓரத்தில் தோமையின் மீன்தொட்டி இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அதன் தண்ணீரை மாற்றுவதற்காகத் தொட்டியின் மேசையை இழுத்தபோது, சுவருக்கும் மேசைக் காலுக்கும் நடுவில் இரண்டு சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. எடுத்து வாளியில் போடப் போனவளின் கை சுட்டது. வெதுவெதுப்பு இல்லை, அடுப்பிலிருந்து எடுத்த பணியாரச் சூடு. அவள் இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மற்றக் கையைக் காதருகே கொண்டுபோனாள்.

"சரி. வாங்க."

அவளுடைய குரல்தான்.

தெக்லா ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சம்மதம் கப்பலுக்குப் போகவில்லை. கடலைத் தாண்டவில்லை, தெருவைத் தாண்டவில்லை, இந்த வீட்டின் நிலைப்படியைக்கூடத் தாண்டவில்லை. கறுப்பு மோலி மீன்களுக்குக் கீழே இத்தனை நாளும் தூசியில் கிடந்திருக்கிறது. அவன் கேட்டதற்கு அவள் குனிந்த தலையோடு ஊமையாக நின்றதை மட்டுமே அவன் பார்த்திருக்கிறான். வெட்கம் ஒரு நொடியில் அவளை விட்டு இறங்கி, அந்த இடத்தில் பயம் ஏறி உட்கார்ந்தது. ஈரச்சேலையோடு கொன்சி மாமி வீட்டுக்கு ஓடினாள்.

மாமி முழுவதையும் கேட்டுவிட்டு மார்பில் அடித்துக்கொண்டாள். "அட ஆண்டவரே, வீட்டைவிட்டே கிளம்பலையா அது! இவ வேண்டாம்னுட்டான்னு நினைச்சு அந்தப் பய கையெழுத்தைப் போட்டுட்டு இன்னொரு ஒன்பது மாசம் சுத்தப் போயிருவானேட்டி!"

டெரன்ஸ் தன் கம்ப்யூட்டரில் கப்பல் எங்கே போகிறது என்று பார்த்துச் சொன்னான்: டர்பனில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கரை பிடிக்கும். கப்பல் கம்ப்யூட்டரின் பொதுக் கணக்கில் எழுதிப் போட்டால் என்ன என்று கேட்டான். தெக்லா உடனே மறுத்தாள். "கப்பல்ல இருக்குற அத்தனை பேரும் அதைப் படிப்பாங்க தம்பி. எனக்கு மானம் போயிரும்." கடைசியில் "கஸ்பாருக்கு. ஞாயிறு மதியம் கூப்பிடவும். தெக்லா" என்று மட்டும் எழுதிப் போட்டாள். கூப்பிட்டால், அந்த ஒரு பேச்சு அறுந்துபோகக் கூடாது. அதுதான் இப்போது தெருவின் கவலை ஆயிற்று. சொன்னது மாமியிடமும் டெரன்ஸிடமும் மட்டும்தான் என்றாலும், மத்தியானத்துக்குள் அது தெருவின் கவலை ஆகியிருந்தது.

நெட் இணைப்புக் கொடுத்த சூசைநாதனை வரவழைத்தார்கள். அவர் கையில் போனை வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிவந்து, எங்கே சிக்னல் விழுகிறது, எங்கே எழுகிறது என்று ஒரு முடிவுக்கு வர முடியாமல் நின்றார். தெக்லாதான் சொன்னாள்: "அண்ணே, எங்க செத்துப்போகுதோ அங்கதான சொல்லு விழும்? எங்க அதிகமா விழுதுன்னு பாத்தா போதாதா?"

வீட்டைச் சுத்தமாகப் பெருக்கினார்கள். கொன்சி மாமி செபமாலையை எடுத்துக்கொண்டு, தெக்லாவின் கம்ப்யூட்டரை ஒவ்வோர் இடமாகத் தூக்கிவைத்து, அவனுடைய வீட்டிலேயே இருந்த டெரன்ஸைக் கூப்பிட்டு, ஐம்பத்துமூன்று மணியையும் உருட்டி ஒரே மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். எங்கள் வேலையில் இணைப்பைச் சோதிக்கிற இதைப் பிங் என்போம் என்றான் டெரன்ஸ். நீ என்னவோ சொல்லிக்கொள், எங்களுக்கு இது செபமாலை என்றாள் மாமி. சமையல்கட்டிலிருந்து சொன்னபோது பாதி மந்திரம் இரும்பு பீரோவின் கண்ணாடிக்கு முன்னால் ஆலங்கட்டிபோலச் சொரிந்தது. நடு அறையிலிருந்து சொன்னபோது மீன்தொட்டியின் ஓரமாக வரிசையாக விழுந்தது. மிதிக்கக் கூடாது, மிதிக்கக் கூடாது என்று கத்திக்கொண்டே பெனடிக்டா அவற்றைத் தட்டில் பொறுக்கினாள். நடுவில் ஒரு முறை, எந்த இடத்துக்கும் சம்பந்தமில்லாமல் மந்திரம் முழுக்கக் கொட்டித் தீர்த்தது. என்னவென்று பார்த்தால் மாமி வீட்டில் அவள் கணவர் மைக்ரோவேவில் குழம்பைச் சூடுபண்ணிக்கொண்டிருந்தார்.

அப்புறம் எல்லாம் வெளிச்சமாகிவிட்டது: பீரோக் கண்ணாடியும் தொட்டித் தண்ணீரும்தான் சிக்னலை மறித்திருக்கின்றன. நான்கு பேர் சேர்ந்து பீரோவை எதிர்ச்சுவருக்குத் தள்ளினார்கள். மீன்தொட்டி முன்வாசலுக்குப் போயிற்று. எல்லா வீட்டுப் பெட்டிகளும் ஒரே அலைவரிசையில், மீன் ஏலத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவதுபோலக் கத்திக்கொண்டிருந்ததைச் சூசைநாதன் கண்டு, வீடு வீடாக ஏறி இறங்கி, சேனல் எண்களை இந்த வீட்டுக்கு ஒன்று, அடுத்ததற்கு ஆறு, அதற்கடுத்ததற்குப் பதினொன்று என்று பிரித்துக்கொடுத்தார்.

மிச்சம் இருந்தது பெட்டியின் இடம் ஒன்றுதான். அதற்கு வாகான இடம் முன் கூடத்துச் சுவரின் உயரம், திரு இருதய ஆண்டவருக்குப் பக்கம். எல்லோரும் தோமையைப் பார்த்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த தோமை, படத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"அந்தப் பையன் இங்கயே வந்து இருக்கேன்னு சொன்னானாமே. கொன்சி சொன்னா. எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே."

"அவரு வருவாரான்னே தெரியாம என்னத்தப்பா சொல்ல?"

"எனக்காக நீ இங்க கிடந்து தேஞ்சுபோயிட்டேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்." தோமை எழுந்தார். துறைமுகத்தில் எத்தனையோ டன் சரக்கைத் தூக்கி இறக்கிய மனிதர், அந்தக் கையகலப் பெட்டியை இரண்டு கையாலும் எடுத்தார். "ஆண்டவருக்கும் எந்நேரமும் விளக்கு எரியுது. இதுக்கும் எரியுது. சேர்ந்தே எரியட்டும். ஆணி எங்கல?"

அதன்பின் தெருவில் சொற்கள் விழுவது நின்றுபோயிற்று. பேச்சியம்மாளின் மஞ்சள் வாளி காலியாகப் போயிற்று. குருசடிப் பெட்டியில் பழசு கொஞ்சம் மட்டும் மிஞ்சியது. அது சிலருக்குக் குறையாகவே இருந்தது. ஓரிருவர் பெட்டியை மறுபடி பீரோவுக்குப் பின்னால் தள்ளிவைத்துப் பார்த்ததாகவும் கேள்வி.

ஞாயிறு பூசை முடிந்ததும் தெரு முழுவதும் ஒரு உத்தரவு இல்லாமலே அடங்கியது. யார் வீட்டிலும் மைக்ரோவேவ் சுற்றவில்லை, சினிமா ஓடவில்லை, டெரன்ஸ் தன் பெட்டியை அணைத்தே போட்டான். பிள்ளைகள் போனைக் கீழே வைத்துவிட்டுத் தெருவில் வந்து உட்கார்ந்தார்கள். கப்பல் மாலுமிகள் படித்துவிடுவார்களே என்று வெட்கப்பட்ட தெக்லாவின் நடு அறையில், கொன்சி மாமி, பெனடிக்டா, சூசைநாதன், டெரன்ஸ், தோமை என்று ஆறேழு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஜன்னலுக்கு வெளியே இன்னும் எத்தனை பேர் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நீலச் சேலை உடுத்தி, கம்ப்யூட்டருக்கு முன்னால் நேராக உட்கார்ந்திருந்தாள்.

கம்ப்யூட்டரில் மணி அடித்தது. கஸ்பார் வந்தான். வெள்ளை ஏப்ரனில் மஞ்சள் கறையும், நெற்றியில் ஒட்டிய முடியும், பின்னால் நின்று எட்டிப் பார்க்கிற மாலுமிகளும், எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் தெளிவாகத் தெரிந்தது.

"கேக்குதா?" என்றான்.

"கேக்குது."

அப்புறம் இருவரும் பேசவில்லை. சூசைநாதன் பதறிப்போய்க் கூடத்துக்கு ஓடிப் பெட்டியைப் பார்த்தார். பச்சை விளக்குகள் ஆடாமல் அசையாமல் எரிந்தன. இணைப்பில் ஒரு குறையும் இல்லை.

தெக்லாதான் தொடங்கினாள். "அன்னைக்கு நான் சொன்னது உங்களுக்குக் கேக்கலைல்லா?"

"இல்ல. நீங்க தலையைக் குனிஞ்சீங்க. அப்படியே நின்னுட்டீங்க. அதுதான் கடைசியாப் பாத்தது."

"கொழும்புல ஏன் கூப்பிடல?"

"பயம்தான்." அவன் ஏப்ரனில் கையைத் துடைத்தான். "கூப்பிட்டு, நீங்க தெளிவா வேண்டாம்னு சொல்லிட்டா? அதுக்கு இது தேவலன்னு இருந்துட்டேன்."

"கம்பெனி ஆள் வந்தாரா?"

"காலையிலேயே வந்துட்டுப் போயிட்டாரு."

கொன்சி மாமி வாயைப் பொத்திக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே பெருமூச்சு ஒன்று தெருக்கோடிவரை போனது. தெக்லாதான் கேட்டாள். "கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

"பேனா எழுதலன்னு சொல்லி அனுப்பிட்டேன். சாயங்காலம் வேற பேனா கொண்டுட்டு வாரேன்னு போயிருக்காரு." அவன் திரைக்கு நெருங்கி வந்தான். "நீங்க சரின்னு சொன்னது எனக்குக் கேக்கல. ஆனா வேண்டாம்னு சொன்னதும் கேக்கலையே, தெக்லா. அது கேக்குற வரைக்கும் எந்தப் பேனாவும் எழுதாது."

தெக்லா இந்த முறை தலையைக் குனியவில்லை. நேராக அவன் கண்ணைப் பார்த்தாள்.

"சரி" என்றாள். "வாங்க."

அறையில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் குனிந்து தரையைப் பார்த்தார்கள். ஒன்றும் விழவில்லை. மேசைக்கு அடியில் இல்லை, நிலைப்படி ஓரத்தில் இல்லை, கூடத்தில் இல்லை. போய்ச் சேர்ந்துவிட்டது. நிமிர்ந்தபோது கஸ்பார் காதுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவித்துக்கொண்டு நின்றான்.

"கேக்கல" என்றான்.

"எப்படிக் கேக்காம இருக்கும்?" என்று டெரன்ஸ் பதறினான். "சிக்னல் முழுசா இருக்கே!" சூசைநாதன் மறுபடி கூடத்துக்கு ஓடினார். கப்பலில் கஸ்பாருக்குப் பின்னால் நின்ற மாலுமிகள் ஒருவர் தோளில் ஒருவர் தட்டிக்கொண்டு சிரிப்பதைத் தெக்லா பார்த்தாள். அவன் கண்ணையும் பார்த்தாள்.

"நிஜமாவே கேக்கல" என்றான் கஸ்பார், சிரிப்பை அடக்க முடியாமல். "இன்னொரு தரம் சொல்லு."

அவன் அவளை ஒருமையில் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. தெக்லா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள், நாற்காலியை முன்னுக்கு நகர்த்திப் போட்டாள், ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவர்களுக்கும் குருசடிவரை உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் விட்டுப்போகாமல் கேட்கும்படி, பாடம் நடத்துகிற குரலில், இன்னொரு தரம் சொன்னாள்.